கல்லாகிப் போன லேப்கூகனும் நமத்துப்போன பிஸ்கெட்டும்

கேள்வி: அக்கா, ஜெர்மனியில் படிக்கும் மகன் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது லேப்கூகன் என்று ஒரு டப்பா ஜிஞ்சர்பிரெட்டும், ரிப்பன் கட்டிய இதய வடிவ கேக் ஒன்றும் கொண்டுவந்தான். எறும்பு ஏறிவிடுமே என்று டப்பாவைப் பிரித்த கையோடு பிரிட்ஜில் வைத்தேன். போன வாரம் எடுத்தால் கல்! மாமனாரின் பல்செட் தப்பியது பெரிய விஷயம். மகனுக்குத் தெரியாமல் குப்பையில் போட்டுவிடவா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: போட்டுவிடாதீர்கள். முதலில் ஒன்றை உடைத்து மோந்து பாருங்கள். உள்ளே பாதாம், ஹேசல்நட் எல்லாம் இருக்கும். காறல் வாடை வந்தால் மட்டும் குப்பைக்கு. பட்டை கிராம்பு வாசனையே வந்தால் பிழைக்க வைக்கலாம்.

நியூரம்பர்க்கை ஒட்டிய ஃபூர்ட் நகரில் ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். லேப்கூகன் சுடுகிறவர்களுக்கு 1643-லேயே தனிச் சங்கம் இருந்த ஊர் நியூரம்பர்க். எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி நவம்பரிலேயே தேன் லேப்கூகன் சுட்டுவிடுவார். ஆறியதும் மேஜையில் தட்டினால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். ஆப்பிள் தோலோடு தகர டப்பாவில் போட்டு மூடிவைப்பார். ஈரத்தை இழுப்பது தேனின் குணம், கிறிஸ்துமஸுக்குள் பஞ்சாகிவிடும்.

உங்கள் வீட்டில் வில்லன் பிரிட்ஜ்தான். மாவுப் பண்டம் வெளியில் இருப்பதைவிட அந்தக் குளிரில் சீக்கிரம் இறுகும், பிரெட்டும் அப்படித்தான். திறந்து வைத்திருந்தால் ஈரமும் போயிருக்கும். டப்பாவில் ‘எலீசன்’ என்று உயர்தர வகையின் பெயர் போட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதில் பாதாம், ஹேசல்நட் போன்ற பருப்பு வகை 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இறுக மாவே அதிகம் இல்லை. வெறுமனே காய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, ஒரு துண்டு ஆப்பிளைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து உள்ளே வையுங்கள். பண்டத்தில் படக் கூடாது. பாளையங்கோட்டை வெயிலுக்கு ஆப்பிளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் விரல் அமுங்கும். விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்றால், ஒரு டம்ளர் தண்ணீரோடு மைக்ரோவேவில் 10, 15 விநாடி. சூட்டோடு தின்றுவிட வேண்டும், ஆறினால் பழையபடி கல்.

இட்லிப் பானையில் மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்தேன். மேலே சர்க்கரைப் பூச்சு வழிந்து, அடியில் இருந்த மெல்லிய அப்பளம் போன்ற தாள் கூழாகி, தட்டைச் சுரண்டவே அரை மணி நேரம் ஆனது.

எதற்கும் மசியாததைத் துருவிக் குழம்பில் போடலாம். அந்தப் பக்கத்தில் மாட்டிறைச்சியை நாள்கணக்கில் வினிகரில் ஊறவைத்து ‘சவர்பிராட்டன்’ செய்து, சாற்றைக் கெட்டிப்படுத்தவே இதைப் போடுவார்கள். நான் மட்டனில் செய்வேன். அரைக் கிலோவுக்கு ஒரு மேஜைக்கரண்டி வினிகர், நிறைய வெங்காயம், கடைசிப் பத்து நிமிஷத்தில் மேல்பூச்சைச் சுரண்டிய லேப்கூகன் இரண்டு. பட்டை, கிராம்பு, ஏலம் அதிலேயே இருப்பதால் மசாலாவில் குறைத்துக்கொள்ளுங்கள். பாயசத்தில் போட்டும் பார்த்தேன். பல்வலிக்கு கிராம்புத் தைலம் குடித்த மாதிரி இருந்தது.

அந்த இதயத்தை விட்டுவிடுங்கள். திருவிழாக் கடைகளில் கழுத்தில் மாட்டிக்கொள்ள விற்பது அது, பிறகு சுவரில் தொங்கும். தின்கிறவர்கள் குறைவு. சர்க்கரை எழுத்தில் ‘இஷ் லீபே திஷ்’ என்று இருந்தால் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று அர்த்தம். யாருக்கு வாங்கியது என்று மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் தலைகீழ். மழைக்காலத்தில் பட்டர் பிஸ்கெட் நமத்துப்போகிறது. ஆப்பிள் வைக்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐயையோ, வேண்டாம்! உங்கள் பிஸ்கெட் ஈரத்தைக் குடித்துத்தான் நமத்திருக்கிறது. ஓவனில் 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் வையுங்கள். எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும், ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு வரும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். பாளையங்கோட்டை அக்காவின் லேப்கூகன் மாதிரி எதுவும் வீட்டில் இருந்தால் அதற்கு வேறு டப்பா. சேர்த்துப் போட்டால் இது நமத்து அது காய்ந்து, இரண்டும் கெட்டுவிடும்.