மைதானத்து மடல்: அப்பீல் போகலாமா?

கே: இங்கிலாந்து கால்பந்து கிளப் எவர்டனுக்கு 10 புள்ளியை வெட்டினார்கள், அப்பீல் போனதும் 4 திரும்பக் கிடைத்தது. அப்படியென்றால் எந்த அணிக்குக் கடும் தண்டனை வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அப்பீல் போய்விடலாம்தானே? (நான் எவர்டன் ரசிகன், கோபப்படாமல் பதில் சொல்லவும்.)
- வாசகர், திருச்சி

ப: கோபம் உங்கள் ஆட்களுக்குத்தான் இருந்தது சார். 2023 நவம்பர் 17-ல், நஷ்டக் கணக்கில் எல்லை தாண்டியதற்காகத் தண்டனை வந்தது, 14-ம் இடத்தில் இருந்த அணி ஒரே நாளில் 4 புள்ளியோடு 19-க்குச் சரிந்தது. அடுத்த ஆட்டம் மான்செஸ்டர் யுனைடெட்டோடு. எவர்டனின் அப்போதைய சொந்த மைதானமான கூடிசன் பார்க் முழுக்க இளஞ்சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்து, இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக் ஊழல் லீக் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே, மூன்றாவது நிமிஷம், யுனைடெட்டின் கர்னாச்சோ அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து ஒரு கோல் போட்டார். ஆட்டம் 0-3. அட்டைக்கு ஒரு புள்ளிகூடத் திரும்பி வரவில்லை.

திரும்பி வந்தது வக்கீல்கள் எழுதின காகிதத்துக்குத்தான், அதிலும் அவர்கள் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், "நாங்கள் தப்பே செய்யவில்லை" என்று அப்பீலில் வாதாடவே இல்லை. மூன்று வருஷத்தில் 105 மில்லியன் பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம் என்பது அப்போதைய விதி, எவர்டன் கணக்கு 124.5 மில்லியன் என்று தண்டனை கொடுத்த ஆணையம் முடிவு கட்டியது, அதைக் கிளறாமல் விட்டுவிட்டு, தப்புக்கு இவ்வளவு தண்டனையா என்று மட்டும் கேட்டார்கள். ஒன்பது காரணம் அடுக்கினதில் ஏழு எடுபடவில்லை. எடுபட்ட இரண்டு: ஸ்டேடியக் கடன் விஷயத்தில் கிளப் நேர்மையாக நடக்கவில்லை என்று ஆணையம் சொன்னது தவறு, இதே மாதிரி குற்றத்துக்குக் கீழ் டிவிஷன்களில் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று பார்க்காமல் விட்டதும் தவறு. யோசித்துப் பாருங்கள், திவாலாகிப் போன கிளப்புக்கே பிரீமியர் லீக் விதியில் 9 புள்ளிதான் வெட்டு, கணக்கில் எல்லை தாண்டினவனுக்கு 10 என்றால் எந்த ஊர் நியாயம்? 2024 பிப்ரவரியில் பத்து ஆறானது.

அதே சீசனில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பும் அப்பீல் போனது. அதே நஷ்டக் குற்றத்துக்கு அவர்களுக்கு 4 புள்ளிதான் வெட்டு, அதுவும் ஒத்துழைத்ததற்காக ஆறிலிருந்து இரண்டைக் கழித்துக் கொடுத்தது. எங்கள் வீரர் பிரென்னன் ஜான்சனை 47.5 மில்லியனுக்கு விற்றோமே, அதைக் கணக்கில் எடுங்கள் என்றார்கள். விற்றது செப்டம்பர் 1, கணக்கு முடிந்ததோ ஜூன் 30. வட்டிக்கெடு ஜூனில் முடிந்த பிறகு செப்டம்பரில் நகையை விற்றேன் என்றால் கடைக்காரர் கேட்பாரா? மே மாதம் தள்ளுபடி. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம், எந்த வரியில் அவர்கள் சறுக்கினார்கள் என்று தீர்ப்பைத் திறந்து படித்துவிட்டுப் போங்கள்.

கே: கேரளா பிளாஸ்டர்ஸ் அப்பீல் ஏன் எடுபடவில்லை? நடுவர் செய்தது அநியாயம் இல்லையா?
- வாசகர், நாகர்கோவில்

ப: 2023 மார்ச் 3, பெங்களூரு எஃப்.சி.யோடு ஐ.எஸ்.எல் பிளே-ஆஃப் ஆட்டம், கூடுதல் நேரம். பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்புச் சுவராக வரிசைகட்டி நிற்பதற்குள் பெங்களூருவின் சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் தட்டிவிட்டார். எனக்கும் அது உறுத்தல்தான். ஆனால் பிளாஸ்டர்ஸ் கோச் வுகோமனோவிச் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார் பாருங்கள், அந்த நிமிஷமே வழக்கு மாறிப்போயிற்று. விசாரணை கோலைப் பற்றியது இல்லை, ஆட்டத்தைப் பாதியில் விட்டதைப் பற்றியது, அதைத்தான் நாடே டிவியில் பார்த்ததே. 4 கோடி ரூபாய் அபராதம், மன்னிப்புக் கேட்காவிட்டால் 6 கோடி. கோச்சுக்கு 10 ஆட்டம் தடை. கிளப் மன்னிப்பும் கேட்டது, அப்புறம் அப்பீலும் போனது, இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அப்பீல் கமிட்டி ஏற்கவில்லை. 4 கோடி அதிகம் என்பது என் கட்சி. உள்ளே நின்று ஆடித் தோற்றுவிட்டு மறுநாள் புகார் கொடுத்திருந்தால் பேச்சே வேறு.

கே: அப்பீல் போனால் தண்டனை கூடவும் கூடுமா?
- வாசகர், சேலம்

ப: கூடியிருக்கிறதே. 1994-ல் லண்டன் கிளப் டாட்டன்ஹாமுக்குப் பழைய பண முறைகேட்டுக்காக 12 புள்ளி வெட்டு, 6 லட்சம் பவுண்டு அபராதம், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் ஆடத் தடை. அப்பீலில் புள்ளி ஆறாகக் குறைந்தது, அபராதம் 15 லட்சமாக ஏறியது! விடாமல் சமரச நடுவர் மன்றம் (ஆர்பிட்ரேஷன்) வரை போய்ப் புள்ளி வெட்டையும் கோப்பைத் தடையையும் நீக்கிக்கொண்டார்கள். அந்தக் கோப்பையில் அரையிறுதி வரை வந்தார்கள். அங்கே 4-1 என்று அடித்து வீட்டுக்கு அனுப்பியது யார் என்று திருச்சி வாசகரைக் கேளுங்கள், எவர்டன்தான்.