ஒரு மாப் குறையுது, டாக்டர் தையல் போட ஆரம்பிச்சுட்டாரு, இப்ப என்ன பண்றது?

கேள்வி: ஆபரேஷன் தியேட்டர்ல (ஓடி) நர்ஸா சேர்ந்து ஆறு மாசம் ஆகுது. போன வாரம் ஒரு வயித்து ஆபரேஷன்ல நான் தான் ஸ்க்ரப், அதாவது டாக்டர் பக்கத்துல நின்னு சாமான் எடுத்துக் குடுக்கற நர்ஸ். மூடுறதுக்கு முன்னாடி எண்ணினா ஒரு மாப் (காயத்துக்குள்ள ரத்தம் ஒத்தி எடுக்கற துணி) குறையுது. டாக்டர் "உள்ள ஒண்ணும் இல்லம்மா, நான் பாத்துட்டேன், நீ தப்பா எண்ணிருப்ப"ன்னு சொல்லிட்டு தையல் போட ஆரம்பிச்சுட்டாரு. கடைசில அது பக்கெட்ல கிடைச்சுது, ஆனா அதுவரைக்கும் எனக்கு கை கால் உதறிடுச்சு. அடுத்த தடவ இப்படி ஆனா எப்படி சொல்றது?

பதில்: நீங்க பயந்தது ரொம்ப சரியான பயம், முதல்ல அத சொல்லிடறேன். அந்த நேரத்துல "சார், கவுண்ட் கொஞ்சம் சரியில்ல போல இருக்கு"ன்னு இழுத்து இழுத்து சொன்னா யார் காதுலயும் விழாது. நம்பரோட சொல்லுங்க: "டாக்டர், பத்து மாப் குடுத்தேன், ஒன்பது தான் இருக்கு, மூடாதீங்க." அவ்ளோதான். மயக்க டாக்டருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுங்க, ஏன்னா பேஷன்ட் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவாரான்னு சொல்ல வேண்டியது அவர் தான்.

அப்புறம் எல்லாரும் சேர்ந்து தேடணும். டாக்டர் காயத்துக்குள்ள கண்ணாலயும் கையாலயும் பாக்கணும், நீங்க ட்ராலியும் துணி மடிப்பும், சர்க்குலேட்டிங் சிஸ்டர் (ரூமுக்குள்ள நடந்து வேண்டியத எடுத்துத் தர்ற நர்ஸ்) பக்கெட், தரை, குப்பை, அழுக்குத்துணி எல்லாம். ரத்தத்துல ஊறின ரெண்டு மாப் ஒட்டிக்கிட்டா பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், உங்களுக்கு நடந்ததும் அதுவாத்தான் இருக்கும். எனக்கு ஒரு தடவ சின்ன காஸ் பீஸ் (வலைத்துணி துண்டு) ஒண்ணு அசிஸ்டன்ட் டாக்டரோட செருப்புக்கு அடில ஒட்டிட்டு இருந்துச்சு, இருபது நிமிஷம் தேடினோம். அப்படியும் கிடைக்கலன்னா பேஷன்ட் டேபிள விட்டு இறங்கறதுக்குள்ள எக்ஸ்-ரே. எடுக்க வர்றவர்கிட்ட என்ன காணோம்னு சொல்லுங்க, எக்ஸ்-ரேல தெரியறதுக்குன்னே மாப்ல வெச்சிருக்கற கோடு படத்துல எப்படி தெரியும்னு தெரிஞ்சு தேடுவாங்க. பத்து மில்லிமீட்டருக்கு கம்மியான ஊசி எக்ஸ்-ரேல தெரியாமலே போகலாம், அதனால ஊசிய ஒவ்வொண்ணா குடுத்து ஒவ்வொண்ணா திருப்பி வாங்கறது தான் நல்லது.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா எனக்கு இது தான் பெரிய கவலை. கவுண்ட் குறைஞ்சா எல்லாரும் உஷாராயிடறோம், சரியா வந்துட்டா நிம்மதியாயிடறோம். 2003ல அமெரிக்கால வந்த ஒரு ஆய்வுல, உள்ள பொருள் விட்டுப்போன கேஸ்கள்ல எண்ணி இருந்தவை எல்லாம் எடுத்துப் பாத்தா 88 சதவீதத்துல கவுண்ட் சரின்னு தான் எழுதியிருக்காங்க! விட்டுப்போனதுல பெரும்பாலும் மாப், காஸ் வகை தான். எமர்ஜென்சி கேஸ், நடுவுல திட்டம் மாறின கேஸ், பேஷன்ட் உடம்பு பருமன், இதுல எல்லாம் ஆபத்து அதிகம்.

அதனால எண்ணறத ஒருத்தர் எண்ணி ஒருத்தர் எழுதறதா வெச்சுக்காதீங்க, ரெண்டு பேரும் பாத்து, சத்தமா, ஒவ்வொரு மாப்பையும் பிரிச்சு விரிச்சு எண்ணணும். ஆரம்பத்துல மாப் கட்டுல அஞ்சுக்கு பதிலா நாலோ ஆறோ இருந்தா அந்த கட்டையே தனியா வெச்சிடுங்க, சேத்து கூட்டி சரி பண்ணாதீங்க. மாப்ப வெட்டி யூஸ் பண்ண விடாதீங்க. கேஸ் முடியற வரைக்கும் குப்பையோ துணியோ ரூம விட்டு வெளிய போகக்கூடாது. நடுவுல ஆள் மாறினா, அவசரமா இருந்தாலும் எண்ணி தான் ஒப்படைக்கணும் (சாப்பிடப் போற அவசரத்துல இது தான் முதல்ல விட்டுப்போகும்).

உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டுவந்த 19 பாயிண்ட் செக்லிஸ்ட்ல, பேஷன்ட் ஓடிய விட்டு போறதுக்குள்ள கவுண்ட் முடிஞ்சுதான்னு வாய்விட்டு சொல்ற பொறுப்ப நர்ஸ்கிட்ட தான் குடுத்திருக்காங்க. அதனால நீங்க சொல்றது அதிகப்பிரசங்கித்தனம் இல்லம்மா, உங்க வேலையே அது தான். அதே லிஸ்ட்ல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பேரும் வேலையும் சொல்லணும்னு இருக்கு, நிறைய இடத்துல இத சும்மா டிக் அடிச்சுட்டு போயிடறாங்க, நீங்க கண்டிப்பா சொல்லுங்க. ஆரம்பத்துல ஒரு தடவ வாய் திறந்தவங்களுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு "மூடாதீங்க"ன்னு சொல்றது கொஞ்சம் ஈஸியா இருக்கும், நான் புதுசுங்களுக்கு இதத்தான் முதல் நாளே பழக்கி விடறேன்.

இவ்ளோ சொல்லியும் டாக்டர் மூடினாருன்னா, உடனே இன்சார்ஜ் சிஸ்டர கூப்பிடுங்க. எத்தனை மணிக்கு சொன்னீங்க, என்ன குறைஞ்சுது, அவர் என்ன பதில் சொன்னாரு, எக்ஸ்-ரே எடுத்தாங்களா, இல்ல பேஷன்ட் நிலமை மோசமா இருந்ததால தள்ளி வெச்சாங்களா, எல்லாம் ரெக்கார்ட்ல எழுதுங்க. யார் எவ்ளோ வற்புறுத்தினாலும் அந்த ஷீட்ல "கவுண்ட் கரெக்ட்"ன்னு கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க.