காசை அவுட்டரில் போடுங்கள்: ரோடு பைக் கேபிள் மாற்றும் முறை

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். ஷிமானோ கிளாரிஸ் ஆர்2000, 8 ஸ்பீடு, ரிம் பிரேக் ரோடு பைக். மூன்று வருடமாக வாராவாரம் ஈ.சி.ஆரில் ஓட்டுகிறேன். கேபிள் எல்லாம் வண்டியோடு வந்தவைதான். சின்னப் பல்சக்கரத்துக்கு இறக்கும்போது கியர் தயங்கித் தயங்கி விழுகிறது. பின் பிரேக் லிவர் கனமாக இருக்கிறது. விட்டாலும் மெதுவாகத்தான் திரும்புகிறது. கோட்டிங் போட்ட விலையுயர்ந்த கேபிள் செட் வாங்கினால் சரியாகுமா? நானே மாற்றலாமா?

பதில்: நீங்களே மாற்றலாம். ஆனால் கோட்டிங் போட்ட கம்பி உங்களுக்குத் தேவையில்லை. அந்தக் காசை நல்ல அவுட்டரிலும் (கம்பி உள்ளே ஓடும் வெளிக்குழாய்) அதைச் சுத்தமாக வெட்டும் கட்டரிலும் போடுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும்போது கம்பியை இழுப்பது உங்கள் விரல். கொஞ்சம் உரசல் இருந்தாலும் விரல் பலத்தில் ஏறிவிடும். இறக்கும்போது கம்பியைத் திரும்ப இழுப்பது டீரெய்லரின் (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) ஸ்பிரிங் மட்டும்தான். அவுட்டருக்குள் உரசல் கூடினால் முதலில் திணறுவது அதுதான். பிரேக் லிவர் மெதுவாகத் திரும்புவதற்கும் காரணம் இதே. இறங்குவது சரியாக இருந்து, ஏறுவதற்கு மட்டும் தயங்கினால் கம்பி தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதற்குக் கேபிள் மாற்ற வேண்டாம், கம்பியின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைத் திருப்பினாலே போதும்.

கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை. பின் சக்கரத்தைத் தூக்கி, பெடல் சுற்றி, சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றுங்கள். பிறகு பெடலைச் சுற்றாமல் ஷிஃப்டரை (கியர் மாற்றும் லிவர்) மட்டும் கடைசி வரை இறக்குங்கள். கம்பி தொளதொளவென்று ஆகிவிடும். கேபிள் ஃபிரேமுக்கு வெளியே ஓடும் வண்டி என்றால், ஃபிரேமில் அவுட்டர் முனை உட்காரும் பிளவுள்ள ஸ்டாப்பிலிருந்து அவுட்டரைக் கையால் கழற்றலாம். டீரெய்லருக்குள் போகும் அந்தக் கடைசி வளைவுத் துண்டைக் கம்பிமேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நல்ல துண்டு விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு போகும். கெட்டது மணலில் இழுப்பதுபோல் கரகரக்கும். அது மூடியிருந்த இடத்தில் கம்பி பழுப்பேறியிருக்கும். கம்பியில் வழியும் மழைநீர் கடைசியில் வந்து சேரும் இடம் இது, தரைக்கும் பக்கம். உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு முதலில் போவது பெரும்பாலும் இந்தத் துண்டுதான். இது மட்டும் போயிருந்தால் 25 முதல் 30 செ.மீ. அவுட்டரும் ஒரு புது இன்னரும் (உள்ளே ஓடும் கம்பி) போதும். உங்களுடையது மூன்று வருடம் ஆனதால் மொத்தத்தையும் மாற்றுவதே நல்லது.

இனி அவுட்டர். பிரேக் அவுட்டர் 5 மி.மீ.; உள்ளே தட்டைக் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும். கியர் அவுட்டர் 4 மி.மீ.; உள்ளே மெல்லிய இழைகள் நீளவாக்கில் ஓடும். இரண்டையும் மாற்றிப் போடவே கூடாது. உங்கள் 8 ஸ்பீடு பின் டீரெய்லரில் ஒரு கிளிக்குக்குக் கம்பி நகர்வது சுமார் 2.8 மி.மீ. மட்டுமே, டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி, அடுத்த பல்சக்கரத்துக்கான 4.8 மி.மீ. தூரத்துக்குச் சங்கிலியை நகர்த்துகிறது. அவுட்டர் வளையும்போதும் அழுந்தும்போதும் அரை மி.மீ. தொலைந்தால்கூட சங்கிலி கிட்டத்தட்ட 1 மி.மீ. தள்ளி நிற்கும். அதனால்தான் அழுந்தாத நீளவாக்கு இழை. அதே கியர் அவுட்டரைப் பிரேக்கில் போட்டால், அவசரத்தில் லிவரை இறுக்கும்போது இழைகள் பக்கவாட்டில் பிதுங்கி வெடித்துவிடும். அந்த நொடியில் பிரேக்கே இருக்காது. கடையில் ஒரே அவுட்டரை இரண்டுக்கும் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். அழுந்தாத வகையில் பிரேக்குக்கென்றே செய்த அவுட்டரை ஜாக்வயர் போன்றவர்கள் விற்கிறார்கள். கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்குக்கு அது பெரிய முன்னேற்றம். உங்கள் ரிம் பிரேக்கில் வித்தியாசம் கொஞ்சம்தான்.

இன்னருக்கு பாலிஷ் செய்த ஸ்டெயின்லெஸ் போதும். பிரேக் 1.6 மி.மீ. (1.5-ம் சரி), கியர் 1.2 மி.மீ. கோட்டிங் போட்ட கம்பி புதிதில் வெண்ணெய்போல் ஓடும், மறுப்பதற்கில்லை. ஆனால் கோட்டிங் உரிந்து அவுட்டருக்குள் பஞ்சுபோல் சேர்ந்தால் பழைய கனம் திரும்ப வந்துவிடும். பிரேக் கம்பி வாங்கும்போது தலையைப் பாருங்கள்: ரோடு பைக் லிவருக்குப் பேரிக்காய் வடிவத் தலை, எம்.டி.பி.க்கு (மலைப்பாதை சைக்கிள்) உருளைத் தலை. சில கம்பிகளில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு தலை இருக்கும்; வேண்டாததை வெட்டிவிடலாம்.

வாங்க வேண்டியவை: பிரேக் இன்னர் 2 (பின்பக்கத்துக்கு நீளமானது), கியர் இன்னர் 2, பிரேக் அவுட்டர், கியர் அவுட்டர், 4 மி.மீ., 5 மி.மீ. முனை மூடிகள், கம்பி நுனிக்கு அலுமினிய மூடி 4, புது ஹேண்டில் டேப். ஆர்2000-இல் கியர் கேபிளும் டேப்புக்கு அடியில்தான் ஓடுகிறது. டேப்பை அவிழ்க்காமல் வேலை நடக்காது. பழைய டேப்பை மறுபடி சுற்றினால் அழகாக நிற்காது. அவுட்டர் எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட வேண்டாம். பழைய துண்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் எந்த இடம் என்று எழுதி ஒட்டி, அதே அளவில் வெட்டுங்கள். வெட்டுமுன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எங்கும் விறைத்து இழுக்கக் கூடாது. வளையம் வளையமாகத் தொங்கவும் கூடாது. கழற்றுமுன் செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வலது லிவர் முன் பிரேக். அமெரிக்க வீடியோக்களில் இடதுதான் முன். அதைப் பார்த்து மாற்றிக் கோத்துவிட்டால், பழக்கத்தில் பிடிக்கும் லிவர் தவறான சக்கரத்தை நிறுத்தும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெட்டு. சாதாரணக் கட்டிங் பிளையர் அவுட்டரை நசுக்கி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயை மூடிவிடும். விலையுயர்ந்த அவுட்டரும் அங்கேயே வீணாகிறது. சைக்கிள் கேபிள் கட்டரால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். வெட்டிய முகத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். பிரேக் அவுட்டரில் சுருளின் கடைசிச் சுற்று கொக்கிபோல் உள்ளே மடங்கியிருந்தால், அதுதான் உங்கள் கம்பியைத் தினமும் அராவப் போகிறது. அரத்தால் முகத்தைச் சமதளமாக்கி, கூர்மையான ஊசியை உள்ளே விட்டுக் குழாயின் வாயை வட்டமாகத் திறந்துவிடுங்கள். கியர் அவுட்டரில் இழை எதுவும் வெளியே நீட்டக் கூடாது. மூடி தள்ளாடாமல் உட்கார வேண்டும். தள்ளாடும் ஒவ்வொரு முனையும் பிரேக்கைப் பஞ்சுபோலாக்கும், கியரைக் குழப்பும்.

பழைய கம்பியை எடுக்குமுன் பின் ஷிஃப்டரைச் சின்னப் பல்சக்கர நிலைக்கும், முன் ஷிஃப்டரைப் பெடலோடு சுற்றும் பல்வளையங்களில் சின்ன வளைய நிலைக்கும் இறக்குங்கள். அந்த நிலையில்தான் தலை வெளியே வரும் துளை நேராகும். மறந்துவிட்டுத் தள்ளினால் கம்பி உள்ளே சுருண்டுகொள்ளும். கேபிள் ஃபிரேமுக்குள் ஓடும் வண்டி என்றால், பழைய கம்பியை உருவுமுன் அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மறுமுனை வரை ஓட்டிவிடுங்கள். புதுக் கம்பிக்கு அதுவே வழிகாட்டும். பெடல் அச்சுக்கு அடியில் கேபிள் தவழும் பிளாஸ்டிக் வழியில் மண்ணும், பாட்டிலிலிருந்து சிந்திய சர்க்கரைத் தண்ணீரும் இறுகியிருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அங்கே இருக்கும் உரசலைப் புதுக் கம்பி தீர்க்காது.

அவுட்டருக்குள் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விடாதீர்கள். தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். நல்ல கியர் அவுட்டருக்குள் தேவையான கிரீஸ் ஏற்கெனவே இருக்கும்.

பொருத்தும்போது கியர் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடுங்கள். கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்து போல்ட்டை 6 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். பிரேக் காலிப்பரில் (சக்கரத்தைக் கவ்வும் பகுதி) கம்பியைப் பிடிக்கும் போல்ட்டுக்கு 6 முதல் 8. ஃபிரேமின் கீழ்க் குழாயில் வெளியே தெரியும் கம்பியைப் பிடித்து நாலைந்து முறை பலமாக இழுங்கள்; பிரேக் லிவரைப் பத்து முறை முழு பலத்தில் அழுத்துங்கள். புதுக் கேபிள் நீள்கிறது என்பார்கள். பெரும்பாலும் நடப்பது, மூடிகளும் அவுட்டர் முனைகளும் தங்கள் இடத்தில் அமர்வதுதான். அதை வீட்டிலேயே முடித்துவிட்டு, தளர்ந்ததை இழுத்து மறுபடி இறுக்குங்கள். பிரேக் கம்பி போல்ட்டில் ஒரு மி.மீ. கூட நழுவக் கூடாது. நுனியில் 3 செ.மீ. விட்டு வெட்டி, அலுமினிய மூடியை நசுக்கிப் போடுங்கள்.

டியூனிங்கில், டீரெய்லர் இரண்டு பக்கமும் எதுவரை நகரலாம் என்று கட்டுப்படுத்தும் ஹெச், எல் என்று எழுதிய திருகுகளைத் தொடாதீர்கள். கேபிள் மாற்றியதால் அவை மாறுவதில்லை. பெடலைச் சுற்றியபடி ஒரு கிளிக் கொடுங்கள். சங்கிலி ஏறவில்லையென்றால் அட்ஜஸ்டரைக் கால் சுற்று இடஞ்சுழியாகத் திருப்புங்கள். அடுத்த பெரிய பல்லில் உரசினால் கால் சுற்று வலஞ்சுழியாக. புதுக் கேபிளிலும் சில பல்சக்கரங்களில் மட்டும் சரியாகவும் மற்றவற்றில் தவறாகவும் விழுந்தால், டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். அதைக் கருவி வைத்திருக்கும் கடையில் நிமிர்த்த வேண்டும்.

முதல் 100 கி.மீ. ஓடியபின் போல்ட்களையும் டியூனிங்கையும் ஒருமுறை பாருங்கள். அதன்பின் சுமார் 3,000 கி.மீ.க்கு ஒருமுறை வலது லிவரின் ரப்பர் உறையைப் புரட்டி, கம்பித் தலைக்கு அருகே டார்ச் அடித்துப் பாருங்கள். டேப்புக்கு அடியில் ஓடும் வகையில் கம்பி அங்கே இறுக்கமாக வளைந்து வளைந்து, இழை இழையாக அறும். டியூன் செய்த கியர் வாரத்துக்கு வாரம் கலைவது அதன் முதல் அடையாளம். ஓர் இழை அறுந்து தெரிந்தாலும் அன்றே கம்பியை மாற்றிவிடுங்கள். முழுக்க அறுந்தால் பின்னால் சின்னப் பல்சக்கரம் ஒன்றே மிஞ்சும். லிவருக்குள் சிக்கிய தலையை எடுக்க லிவரையே பிரிக்க வேண்டி வரலாம்.