புற்றுநோய் போய்விட்டது என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: எனக்கு வயது 46. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. ஹார்மோன் பாசிட்டிவ் வகை (உடம்பின் ஹார்மோன் தூண்டி வளரும் வகை) என்பதால், அந்தத் தூண்டுதலைத் தடுக்கும் தமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன். ரிப்போர்ட்டில் 'நோய் இருப்பதற்கான தடயம் இல்லை' என்று இருக்கிறது. ஆனால் 'குணமாகிவிட்டது' என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். 5 வருடம் தாண்டினால்தான் சொல்வார்களாமே? உடம்பு முழுவதும் புற்றுநோயைத் தேடும் பெட் (PET) ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். நான் எப்போதுதான் நிம்மதியாக இருப்பது?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் டாக்டர் எதையும் மறைக்கவில்லை அம்மா. நானும் என் நோயாளிகளின் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதுகிறேன். பரிசோதித்துப் பார்த்தவரை உடம்பில் எங்கும் நோய் இல்லை என்று அதற்கு அர்த்தம். ஸ்கேனால் அதற்கு மேல் சொல்ல முடியாது. ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி செல்கள் வரை இருக்கும். சில ஆயிரம் செல்கள் எலும்பில் எங்கோ ஒதுங்கியிருந்தால் எந்த ஸ்கேனிலும் தெரியாது. அறுவை சிகிச்சை முடிந்தும் கீமோ கொடுத்தது, இப்போது மாத்திரை கொடுப்பது எல்லாம் அப்படி ஏதாவது மிஞ்சியிருந்தால் அதை அழிக்கத்தான். பல பேருக்கு எதுவுமே மிஞ்சியிருக்காது. யாருக்கு இல்லை என்று பிரித்துச் சொல்ல முடியாததால் எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

அந்த 5 வருடக் கணக்கு எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே மாதிரி பொருந்தாது. விரைப் புற்றுநோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள் திரும்பிவிடும். பெருங்குடல் புற்றுநோயிலும் முதல் 3 வருடம்தான் முக்கியம். அவர்களிடம் 5 வருடம் முடிந்ததும் 'குணமாகிவிட்டது' என்று தயங்காமல் சொல்வேன். உங்களுடைய வகை அப்படியில்லை. 10, 15, ஏன் 20 வருடம் கழித்தும் சிலருக்குத் திரும்பியிருக்கிறது. பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஒவ்வொரு வருடமும் இருக்கும் ஆபத்து சிறியதுதான், ஆனால் அது நீண்ட காலம் தொடர்கிறது. உங்களுக்கு எவ்வளவு என்பது கட்டியின் அளவையும், அக்குள் நெறிக்கட்டிகளில் பரவியிருந்ததா என்பதையும் பொறுத்தது. அடுத்த முறை போகும்போது அதை நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

என் கவலையெல்லாம் அந்த மாத்திரையைப் பற்றித்தான். 'நோய்தான் இல்லையே' என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தமாக்ஸிஃபெனை 5 வருடம் முழுதாகச் சாப்பிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைகிறது. நிறுத்திய பிறகும் பல வருடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு நீடிக்கிறது. சிலருக்கு 10 வருடம் வரை கொடுக்கிறோம். திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பது, வியர்த்துக் கொட்டுவது, தூக்கம் கெடுவது எல்லாம் நிஜமான கஷ்டங்கள். சகித்துக்கொள்ளவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் அதற்கும் மருந்து உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள்.

பெட் ஸ்கேன் வேண்டாம் என்று அவர் சொன்னது சரியே. 1994-ல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட இரண்டு பெரிய ஆய்வுகளில், தொந்தரவு எதுவும் இல்லாதபோதே எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன் என்று தொடர்ந்து எடுத்த பெண்கள் மற்றவர்களைவிட அதிக காலம் வாழவில்லை. அந்த முடிவை இன்றும் நாங்கள் பின்பற்றுகிறோம். இல்லாத நோய்க்கு ஊசி குத்திச் சதை எடுக்கும் நிலைமையும் வரும். வருடம் ஒருமுறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), முதல் சில வருடங்களுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் பரிசோதனை, இது போதும். நடுவில் புதிய கட்டி தென்பட்டாலோ, எலும்பு வலி, இருமல், மூச்சிரைப்பு, தலைவலி போன்ற ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்விடுங்கள். அப்போது ஸ்கேன் தேவைப்பட்டால் அவரே எழுதித் தருவார்.

நிம்மதிக்கு 5 வருடம் காத்திருக்கச் சொல்லி எந்த மருத்துவமும் சொல்லவில்லை. தள்ளிப்போட்டிருக்கும் வேலை, பயணம், வீட்டு விசேஷம் எதுவானாலும் இப்போதே தேதி குறிக்கலாம். யாராவது 'முழுசா சரியாயிடுச்சா?' என்று கேட்டால், 'இப்போ நோய் இல்லை, திரும்பி வராம இருக்க மாத்திரை சாப்பிடறேன்' என்று சொல்லுங்கள். என் நோயாளிகளுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.