த்ரெட்டை நிறுத்துவது எப்படி? இந்த வாரக் கேள்விகள்

ராயபுரம் மாணவர்: ஜாவாவில் ஒரு த்ரெட்டை, அதாவது ப்ரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையை, நிறுத்தி வைக்க சஸ்பெண்டும் மறுபடி ஓடவிட ரெஸ்யூமும் கூப்பிட்டால் எக்ஸெப்ஷன் வருகிறதே?

வரத்தான் செய்யும். 1998-லேயே இவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள், ஜாவா 20 முதல் கூப்பிட்டாலே எக்ஸெப்ஷன்தான், ஜாவா 23-ல் அவற்றை எடுத்தே விட்டார்கள். ஒண்டுக்குடித்தனத்துப் பொதுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டவர் உள்ளேயே தூங்கிவிட்டால் மொத்த வீடும் வாளியோடு வாசலில் நிற்குமே, லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டை) பிடித்திருக்கும் த்ரெட்டை சஸ்பெண்ட் செய்தால் அந்தக் கதிதான். நிற்க வேண்டுமா என்று சொல்லும் ட்ரூ/ஃபால்ஸ் ஃப்ளாக் ஒன்று வையுங்கள், வேறு லாக் எதுவும் கையில் இல்லாத இடத்தில் த்ரெட்டே அதைப் பார்த்து வெயிட்டுக்குப் போகட்டும். வெயிட்டை இஃப்பில் போடாதீர்கள், வைல் லூப்பில் போடுங்கள். யாரும் எழுப்பாமலே த்ரெட் வெயிட்டிலிருந்து எழுந்துகொள்வதும் உண்டு.

வியாசர்பாடி வாசகர்: ஃப்ளாக்கை ஃபால்ஸ் ஆக்கியும் லூப் ஓடுகிறது.

ஜாவாவில் அந்த ஃப்ளாக்குக்கு வாலடைல் எங்கே? அது இல்லாவிட்டால் ஒரு த்ரெட் மாற்றியது இன்னொன்றுக்குத் தெரியாமலே போகலாம். சி++ ஆட்கள் இதைப் பார்த்து வாலடைல் போட்டுவிடாதீர்கள், அங்கே அட்டாமிக்தான். சி++20 என்றால் த்ரெட்டை நிற்கச் சொல்லவே ஜேத்ரெட்டும் ஸ்டாப் டோக்கனும் இருக்கின்றன.

பெரம்பூர் வாசகர்: இன்டரப்ட் கொடுத்தும் த்ரெட் நிற்கவில்லை. இது ஜாவாவின் பக்தானே?

ஜாவாவைத் திட்டுவதற்கு முன் நீங்கள் அனுப்பிய கோடை நீங்களே ஒருமுறை படித்திருக்கலாம். ஸ்லீப்பைச் சுற்றி ஒரு ட்ரை, கீழே காலி கேட்ச். எந்த ப்ராஜெக்ட்டைத் திறந்தாலும் இதே கூத்துதான், எடிட்டர் தானாக எழுதித் தந்த கேட்சை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். இன்டரப்ட் என்பது கொலை இல்லை, 'போதும், கிளம்பு' என்ற வேண்டுகோள். ஸ்லீப்பில் இருக்கும் த்ரெட்டுக்கு அது வந்தால் இன்டரப்டட் எக்ஸெப்ஷன் எழும், அப்போதே இன்டரப்ட் அடையாளமும் அழிந்துவிடும். நீங்கள் எக்ஸெப்ஷனையும் விழுங்கிவிட்டால் உங்கள் வைல் லூப்புக்கு எதுவுமே நடந்த மாதிரி தெரியாது, ஜாலியாக அடுத்த சுற்றுக்குப் போகும். ஒன்று எக்ஸெப்ஷனை மேலே விடுங்கள், இல்லை கேட்சுக்குள் கரன்ட் த்ரெட்டுக்கே மறுபடி இன்டரப்ட் கொடுத்துவிட்டு லூப்பை விட்டு வெளியே வாருங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: பைத்தானில் த்ரெட்டைக் கில் செய்ய வழி?

கிடையாது. நிற்கச் சொல்லும் சைகையாக ஒரு ஈவன்ட் வைத்து, ஸ்லீப்புக்குப் பதில் அதன் வெயிட்டை டைம்அவுட்டோடு கூப்பிடுங்கள். கொன்றே தீருவேன் என்றால் அந்த வேலையைத் தனி பிராசஸில் ஓட்டுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: ஜாவாவில் சாக்கெட் ரீடில் மாட்டிக்கொண்ட த்ரெட்?

சாதாரண த்ரெட் என்றால் அந்த ரீடு இன்டரப்ட்டுக்கு அசையாது. வேறு த்ரெட்டிலிருந்து சாக்கெட்டை மூடுங்கள், எக்ஸெப்ஷனோடு வெளியே வரும். அப்புறம் ஜாயின் போட்டு அது முடியும் வரை காத்திருங்கள். மறுபடி சொல்கிறேன், வெளியிலிருந்து கொல்லாதீர்கள், கேளுங்கள்.

எண்ணூர் வாசகர்: ப்ரோகிராம் ஹேங் ஆகுது சார், அர்ஜென்ட்!

எந்த மொழி? கோடு எங்கே? ஜாவா என்றால் ஹேங் ஆகி நிற்கும்போதே ஜேஸ்டாக் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் பட்டியல்) எடுத்து அனுப்புங்கள், ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்.