லினக்ஸில் நான் அமைத்த அலியாஸ் டெர்மினலில் ஓடுகிறது, ஸ்கிரிப்ட்டில் ஓடவில்லை. எங்கே தவறு?

நீங்கள் பாஷ் ஷெல்லில் (நாம் தரும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்), டெர்மினல் திறக்கும்போது அது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் அலியாஸை, அதாவது நீண்ட கட்டளைக்கான குறும்பெயரை, எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நாம் நேரில் தட்டச்சு செய்யும்போது மட்டுமே பாஷ் அலியாஸை விரித்துப் படிக்கும். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பான ஸ்கிரிப்ட்டில் அந்த வசதி இயல்பாகவே அணைந்திருக்கும். பாஷின் வசதிகளை இயக்கவும் அணைக்கவும் உதவும் ஷாப்ட் கட்டளையால் அதை இயக்கலாமே என்று யாரேனும் சொல்லக்கூடும். இயக்கலாம்தான், ஆனால் ஸ்கிரிப்ட் பாஷ்ஆர்சி கோப்பைப் படிப்பதே இல்லை. உபுண்டுவில் அதை வலிந்து சோர்ஸ் செய்தாலும், அதாவது ஸ்கிரிப்ட்டுக்குள் படிக்க வைத்தாலும், நேரில் தட்டச்சு செய்யும் ஷெல் இது அல்ல என்று அக்கோப்பின் முதல் சில வரிகளே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அலியாஸை ஃபங்ஷனாக (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பாக) மாற்றித் தனிக் கோப்பில் வைத்து, ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் அதைச் சோர்ஸ் செய்யுங்கள். பாஷ் கையேடும் பெரும்பாலான தேவைகளுக்கு ஃபங்ஷனையே பரிந்துரைக்கிறது.

ஓடாத அலியாஸ் ஒருவகையில் நல்லது, குறை உடனே தெரிந்துவிடும். என்னைக் கவிழ்த்தது ஒழுங்காக ஓடிய அலியாஸ். முன்பு நான் வேலை பார்த்த சிறிய அலுவலகத்தில், கணக்குக் கோப்புறையை மாலைதோறும் டார் என்னும் ஒரே காப்புக் கோப்பாகக் கட்டி, அன்றைய தேதியைப் பெயரில் சேர்த்துச் சேமிக்க ஓர் அலியாஸ் வைத்திருந்தேன். தேதியைத் தரும் டேட் கட்டளையை, அதன் விடை அவ்விடத்தில் வந்து அமரும்படி டாலர் குறியோடும் பிறை அடைப்போடும் உள்ளே எழுதி, முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் இட்டிருந்தேன். இரட்டை மேற்கோளுக்குள் இருப்பதை, அலியாஸை வரையறுக்கும் கணத்திலேயே ஷெல் கணக்கிட்டுவிடும். டெர்மினலை மூடும் பழக்கம் எனக்கு இல்லாததால், அதைத் திறந்த திங்கட்கிழமையின் தேதியே நாள்தோறும் கோப்பின் பெயரானது; ஒவ்வொரு மாலையும் புதிய காப்பு பழையதன் மேலேயே எழுதப்பட்டது. மின்வெட்டில் கணினி அணைந்து எழும்போதெல்லாம் தேதி புதுப்பிக்கப்பட்டதால், வெவ்வேறு தேதிகளில் எட்டுப் பத்துக் கோப்புகள் இருந்தன. அவற்றைப் பார்த்த எவருக்கும் ஐயம் எழவில்லை.

ஒரு புதன்கிழமை, முந்தைய வியாழக்கிழமையின் கணக்கை மேலாளர் கேட்டார். அந்தத் தேதியில் கோப்பே இல்லை. ஒரு பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டும் டைப் கட்டளைக்கு அலியாஸின் பெயரைக் கொடுத்தேன். ஷெல் காட்டிய வரியில் ஒன்பது நாட்களுக்கு முந்தைய தேதி உறைந்து நின்றது. ரசீதுகளைப் பார்த்து அந்நாள் கணக்கை மீண்டும் ஏற்ற மூன்று இரவுகள் ஆயின. அதற்குக் கூடுதல் ஊதியமும் கிடைக்கவில்லை, ‘லினக்ஸ் வேண்டாம் என்று அன்றே சொன்னேன்’ என்ற பேச்சுதான் கிடைத்தது. இதையெல்லாம் குறித்த நேரத்தில் தானே ஓட்டும் க்ரானில் போட்டிருக்க வேண்டும் என்று பின்னூட்டம் எழுத வருவோருக்கு: மாலை ஆறு மணிக்கு மின்சாரம் இருக்குமா என்பதே அங்கு உறுதியில்லை. இரட்டை மேற்கோளை ஒற்றை மேற்கோளாக மாற்றியதும் குறை தீர்ந்தது.

எனவே ஸ்கிரிப்ட்டைத் தொடும் முன் நீங்களும் டைப் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். டாலர் குறி இருக்க வேண்டிய இடத்தில் விடை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் மேற்கோளை மாற்றுங்கள். மாற்றிய பின் புதிய டெர்மினலைத் திறங்கள், பழையது பழைய அலியாஸையே வைத்திருக்கும்.