நிறமில்லாத சிலிக்கான் ரோடமின்: சாயம் கெட்டுவிட்டதா?

சுத்திகரித்த சிலிக்கான் ரோடமின் (செல்களை ஒளிரவைத்துப் பார்க்க உதவும் சாயம்), பிபிஎஸ் பஃபரில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) போட்டால் தண்ணீர் மாதிரி நிற்கிறது, சின்தசிஸ் தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். இந்தச் சாயம் நீரில் பெரும்பாலும் மூடிய ஸ்பைரோலாக்டோன் வடிவில்தான், அதாவது மூலக்கூறுக்குள்ளேயே ஒரு வளையம் மூடிக்கொண்ட நிலையில்தான் இருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, ஒளிர்வும் கிடையாது. மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரம் இங்கே உதவாது, திறந்த வடிவுக்கும் மூடியதற்கும் நிறை ஒன்றுதான்.

ஒரு சொட்டை ட்ரைஃப்ளூரோஎத்தனாலில் கரைத்து, 0.1% ட்ரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலம் சேருங்கள். கண்ணெதிரே நீலமாகி 650 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சினால் சாயம் நன்றாகவே இருக்கிறது. அப்போதும் நிறம் வரவில்லை, மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் நிறையும் 2 கூடுதலாகத் தெரிகிறது என்றால், இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்து ஒடுக்கமடைந்த, நிறமற்ற லியூக்கோ வடிவமாக இருக்கலாம். குளோரானில் என்ற ஆக்சிஜனேற்றியால் ஆக்சிஜனேற்றிப் பாருங்கள்.

உயிருள்ள செல்லுக்கு இந்த மூடும் குணம் வரம்தான். மூடிய வடிவம் சவ்வைச் சுலபமாகக் கடக்கும், செல்லுக்குள் சாயத்தைப் பிடித்துவைக்கும் குறிச்சொல்லான ஹேலோடேக் புரதத்தில் பிணைந்ததும் திறந்து ஒளிரும், பின்னணி ஒளியும் குறையும். நிறம் வேண்டும் என்று சாயத்தின் அமீன் பக்கத்தில் ஃப்ளூரின்களை அடுக்கிவிடாதீர்கள், அது மூடுவதை இன்னும் கூட்டும். பஃபரில் வெறும் சாயத்தை அளப்பதை விட்டுவிட்டு, சுத்தமான ஹேலோடேக் புரதத்தோடு சேர்த்து அளந்து பாருங்கள். லிகண்டைக் (ஹேலோடேக்கில் போய்ப் பிணையும் பகுதியை) கோத்தது 6-கார்பாக்ஸி ஐசோமரில்தானே (கார்பாக்ஸி தொகுதி 6-ஆம் இடத்தில் உள்ள வடிவம்)? அதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.